சமையலறைப் பிளாஸ்டிக்கும் நம் ஹார்மோன்களும்: செட்டிநாட்டு வீடுகளில் எதை முதலில் மாற்றுவது?

பள்ளத்தூர்க்காரி எழுதியது:

ஹார்மோன்களின் வேலையைக் குலைக்கும் வேதிப்பொருள்களைப் பற்றித் தமிழில் தேடினால் இரண்டு வகை எழுத்துத்தான் கிடைக்கிறது. ஒன்று, வீட்டில் இருக்கும் எல்லாமே நஞ்சு என்று அலறுவது. மற்றது, அப்படி அலறிவிட்டு விலை கூடிய ஒரு பாட்டிலை நம் தலையில் கட்டுவது. காலையில் இட்லி ஊற்றி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மாமியாருக்கு மாத்திரை எடுத்து வைக்க வேண்டிய ஒருத்திக்கு இரண்டாலும் பயன் இல்லை. அதனால்தான் இந்த இழை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்ற முடியாது. சூடு, எண்ணெய், புளிப்பு இந்த மூன்றும் பிளாஸ்டிக்கைத் தொடுகிற இடங்களை மட்டும் முதலில் நிறுத்தினால் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். அதற்கு எதையும் புதிதாக வாங்க வேண்டியதில்லை. நம் ஊர் வீடுகளில் இரண்டாம் கட்டு அறையில் பூட்டிக் கிடக்கும் சாமான்களே தாராளம்.

மதியம் காரைக்குடியில் ஏதாவது ஓர் உணவகத்தில் பார்சல் கட்டும் மேசைக்குப் பக்கத்தில் சற்று நேரம் நின்று பாருங்கள். கொதிக்கிற சாம்பாரை மெல்லிய பாலித்தீன் பையில் ஊற்றி, காற்றோடு சேர்த்துச் சுழற்றி, ரப்பர் வளையம் போடுகிறார்கள். பை சூட்டில் உப்பி, தொட்டால் துவண்டுபோகிறது. உட்சுவரில் எண்ணெய் மஞ்சளாகப் படர்ந்து நிற்கிறது. கோழிக் குழம்பு என்றால் அந்தப் படலம் இன்னும் தடிமன். அது வீட்டுக்கு வந்து சேர அரை மணி நேரம். அதைத்தான் சோற்றில் ஊற்றிப் பிள்ளைக்குப் பிசைந்து கொடுக்கிறோம்.

வேதியியல் தெரிந்தவர்கள், செவிலியர், கடை நடத்துகிறவர்கள் எல்லோரும் இங்கே இருக்கிறீர்கள். நான் சொல்வதில் எது சரி, எது மிகை என்று சொல்லுங்கள்.

மின்வேதி எழுதியது:

காரைக்குடி ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆச்சி சொன்ன வரிசை சரி. அதன் காரணத்தை மட்டும் விளக்குகிறேன்.

ஹார்மோன் என்பது உடலுக்குள் ஓர் உறுப்பு இன்னோர் உறுப்புக்கு அனுப்பும் செய்தி. மிக மிகக் குறைந்த அளவில் இரத்தத்தில் போகும். சில வேதிப்பொருள்கள் அந்தச் செய்தியைப் போலவே உருவம் கொண்டவை. ஊர்ப் பெரியவர் கையெழுத்தில் வந்த பொய்க் கடிதத்தை நம்பி வேலையைத் தொடங்குவதுபோல, உடலின் உயிரணுவும் அதை நம்பிவிடுகிறது. வேறு சில வேதிப்பொருள்கள் உண்மையான செய்தி போய்ச் சேர விடாமல் தடுக்கின்றன. இன்னும் சில, ஹார்மோன் உற்பத்தியாவதையே கூட்டியோ குறைத்தோ விடுகின்றன.

அன்றாடம் நம் வீட்டுக்குள் வருபவற்றில் இரண்டு முக்கியம். முதலாவது பிபிஏ எனப்படும் பிஸ்ஃபீனால் ஏ. 1891இல் முதன்முதலில் தயாரிக்கப்பட்டது. 1936இல் சார்லஸ் டாட்ஸ் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர் அது பெண் ஹார்மோன் போல வேலை செய்கிறது என்று காட்டினார். அதன் பிறகுதான், 1950களில், அதே பொருளைச் சங்கிலியாகக் கோத்துப் பாலிகார்பனேட் என்ற கண்ணாடி போன்ற கெட்டிப் பிளாஸ்டிக் வந்தது. தகர டப்பாக்களின் உட்பூச்சிலும் இது உண்டு. வெந்நீரும் சோப்புக்காரமும் இந்தச் சங்கிலியின் கண்ணிகளை அறுக்கும். அதனால்தான் பழைய, கீறல் விழுந்த பாலிகார்பனேட் புட்டியில் கசிவு அதிகம்.

இரண்டாவது தாலேட்டுகள். பிவிசி பிளாஸ்டிக்கை வளைந்து கொடுக்கும்படி மெதுவாக்கச் சேர்ப்பவை. இவை பிளாஸ்டிக்கோடு பிணைந்திருப்பதில்லை, இடுக்குகளில் கலந்திருப்பதோடு சரி. எண்ணெய் பட்டால் எளிதாக அதில் இறங்கிவிடும்.

ஒரு திருத்தம். சாம்பார் கட்டும் பாலித்தீன் பைக்குத் தாலேட் சேர்க்க வேண்டிய தேவை இல்லை. அது இயல்பாகவே மெதுவானது. ஆனால் சாயம், அச்சு மை, நிலைப்படுத்திகள் உண்டு. மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கில் செய்த பையாக இருந்தால் எதெது கலந்தது என்று விற்றவருக்கே தெரியாது. ஆகவே முடிவு மாறவில்லை: சூடான குழம்பு அதில் போகக் கூடாது.

தேவகோட்டையான் எழுதியது:

மரியாதையோடு மறுக்கிறேன். நாற்பது வருடமாகப் பிளாஸ்டிக் குடத்தில்தான் தண்ணீர் எடுக்கிறோம். அளவு மிஞ்சினால்தானே எதுவும் நஞ்சு? இவ்வளவு சிறிய அளவுக்கு ஏன் இவ்வளவு கவலை என்று உண்மையாகவே எனக்குப் புரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பித்தளையும் வெண்கலமும் திரும்ப வர வேண்டும் என்று சொல்வது எளிது. புளி போட்டுத் தேய்க்கப்போவது யார்? என் தாயார் இடுப்பொடியத் தேய்த்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். பிளாஸ்டிக் வந்தபோது எங்கள் வீட்டில் முதலில் நிம்மதி அடைந்தவர் அவர்தான். அந்த நிம்மதியைப் பறிக்கும் எந்த ஆலோசனைக்கும் நான் உடன்பட மாட்டேன்.

மின்வேதி எழுதியது:

தம்பி, முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

அளவுதான் நஞ்சு என்பது பல பொருள்களுக்குப் பொருந்தும். ஹார்மோன் விஷயத்தில் அளவோடு காலமும் சேர்ந்துகொள்கிறது. கருவில் இருக்கும்போதும், கைக்குழந்தைப் பருவத்திலும், பூப்பெய்தும் வயதிலும் வரும் தவறான செய்தி வேறு. ஐம்பது வயதில் வருவது வேறு. இதற்கு மனிதர்களிடமே சான்று இருக்கிறது. டாட்ஸ் 1938இல் தயாரித்த டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஹார்மோனைக் கருச்சிதைவு வராமல் இருக்க மேல்நாடுகளில் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். தாய்மார்களிடம் அப்போது பாதிப்பு எதுவும் தெரியவில்லை. வயிற்றில் இருந்த பெண் குழந்தைகள் வளர்ந்து பருவம் எய்திய பிறகு, சிலருக்கு மிக அரிதான பிறப்புறுப்புப் புற்றுநோய் வந்தது. 1971இல்தான் காரணம் கண்டுபிடிக்கப்பட்டது. அது மருந்தாகக் கொடுத்த பெரிய அளவு, பிளாஸ்டிக்கிலிருந்து கசிவதோடு ஒப்பிட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாதிப்பு எப்போது, யாரிடம் வெளிப்படும் என்பதை அது காட்டியது.

பிபிஏ அளவைப் பொறுத்தவரை, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு நாளைக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம் வரை தாங்கலாம் என்று சொல்லிவந்தது. 2023இல் அதை 0.2 நானோகிராம் (ஆயிரம் நானோகிராம் சேர்ந்தால் ஒரு மைக்ரோகிராம்) என்று குறைத்தது. இருபதாயிரத்தில் ஒரு பங்கு. மற்ற நாட்டு அமைப்புகள் எல்லாம் இந்தக் கணக்கை ஏற்கவில்லை. இருந்தாலும், ‘சிறிய அளவுதானே’ என்று கை கழுவிவிட முடியாது என்பதற்கு இது போதும்.

பள்ளத்தூர்க்காரி எழுதியது:

தேவகோட்டை அண்ணனின் இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம். உங்கள் தாயாரின் இடுப்பு வலியை நான் குறைத்து மதிக்கவில்லை. பித்தளைக்குத் திரும்புங்கள் என்பது என் பேச்சே இல்லை. எவர்சில்வர் சம்படம், எவர்சில்வர் தூக்கு, கண்ணாடிப் புட்டி, ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடி. இவற்றைத் தேய்ப்பது எண்ணெய்ப் பிசுக்கேறிய பிளாஸ்டிக் டப்பாவைத் தேய்ப்பதைவிட எளிது. மஞ்சள் கறையும் பிடிக்காது, வாடையும் நிற்காது.

அரிசி, பருப்பு, மிளகாய் எல்லாம் பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தால் அவசரமாகத் தூக்கி எறிய வேண்டாம். உலர்ந்த, ஆறிய பொருளுக்குக் கசிவு மிகக் குறைவு. புளிக்காய்ச்சல், எலுமிச்சை ஊறுகாய், நெய், நல்லெண்ணெய், மீந்த குழம்பு, சூடான சோறு. இவற்றுக்கு மட்டும் பாத்திரத்தை மாற்றுங்கள். மைக்ரோவேவில் பிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம்; அதில் என்ன முத்திரை இருந்தாலும் வேண்டாம். அந்த முத்திரை டப்பா உருகாது என்பதற்கு உத்தரவாதம். எதுவும் கசியாது என்பதற்கு அல்ல.

புதுவயல் தாய் எழுதியது:

எனக்கு ஐந்து மாதக் கைக்குழந்தை. தாய்ப்பால் போதாமல் மருத்துவர் சொல்லிப் பால்பொடியும் கொடுக்கிறேன். ‘பிபிஏ இல்லாதது’ என்று எழுதியிருக்கும் புட்டிதான் வாங்கினேன். போதுமா? படிக்கப் படிக்க இரவில் தூக்கம் வரவில்லை.

மின்வேதி எழுதியது:

அம்மா, முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2015இலேயே பால்புட்டிகளில் பிபிஏ கூடாது என்று விதி செய்துவிட்டது. இன்று கடையில் கிடைப்பவை பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருக்கும். அது பாலிகார்பனேட் இல்லை. ஆனால் ‘பிபிஏ இல்லாதது’ என்ற எழுத்தை மட்டும் வைத்து எந்தப் பிளாஸ்டிக்கையும் முழுவதாக நம்ப வேண்டாம். பல பொருள்களில் அதன் இடத்தில் பிபிஎஸ், பிபிஎஃப் என்று அதே குடும்பத்துப் பொருள்களைச் சேர்க்கிறார்கள். அவையும் ஹார்மோன் போலவே நடந்துகொள்வதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

செய்ய வேண்டியது சுலபம். பால்பொடியைக் கிருமி போகும் சூட்டில், அதாவது 70 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில்தான் கரைக்க வேண்டும். அதைப் புட்டியில் செய்யாமல் எவர்சில்வர் தம்ளரில் கரைத்து, குழந்தை குடிக்கும் சூட்டுக்கு ஆற்றி, பிறகு புட்டியில் ஊற்றுங்கள். கண்ணாடிப் புட்டியோ எவர்சில்வர் புட்டியோ கிடைத்தால் இன்னும் நல்லது.

இரவுப்பணி எழுதியது:

நான் காரைக்குடியில் செவிலி. மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன்: குழந்தைக்குப் பால் புகட்ட ஆச்சிமார் பயன்படுத்திய, மூக்கு வைத்த சிறு கிண்ணமான பாலாடை இன்றைக்கும் சிறந்த கருவி. எவர்சில்வரில் கிடைக்கிறது. கொதிநீரில் போட்டு எடுத்தால் சுத்தமாகிவிடும், இடுக்கில் பால் தங்காது. ஆனால் குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, அவசரப்படாமல் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்திவிடாதீர்கள். தாய்ப்பாலிலும் வேதிப்பொருள் இருக்கிறதாமே என்று பயந்து நிறுத்துகிறவர்களைப் பார்க்கிறேன். அதனால் குழந்தைக்கு நேரும் இழப்புதான் பெரிது.

இன்னொன்று. மருத்துவமனையில் போடும் குளுக்கோஸ் குழாய், இரத்தப் பை இவற்றில் பிவிசியும் தாலேட்டும் உண்டு என்று எங்கோ படித்துவிட்டு ஒருவர் சிகிச்சையையே மறுத்தார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உயிர் காக்கும் நேரத்தில் இந்தக் கணக்கு பார்க்கக் கூடாது.

கல்லாப்பெட்டி எழுதியது:

காரைக்குடியில் பல்பொருள் அங்காடி ஒன்றில் பில் போடுகிறேன். நாள் முழுதும் ரசீது கிழித்துக் கொடுப்பதுதான் வேலை. அந்தத் தாளிலும் இந்தப் பிபிஏ இருக்கிறது என்கிறார்கள். உண்மையா அண்ணன்?

மின்வேதி எழுதியது:

உண்மைதான் தம்பி. அந்தத் தாளில் மை இல்லை. சூடு பட்டால் கறுக்கும் பூச்சு இருக்கிறது. அந்தப் பூச்சில் பிபிஏவோ பிபிஎஸ்ஸோ தளர்வாக, பொடியாகவே இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2020 தொடக்கத்திலிருந்து ரசீதுத் தாளில் பிபிஏவுக்குக் கடும் வரம்பு வைத்துவிட்டது. நகத்தால் கீறிப் பார். கறுப்புக் கோடு விழுந்தால் அந்த வகைத் தாள்.

வாடிக்கையாளர் ஒரு ரசீதைத் தொடுவது பெரிய விஷயம் இல்லை. உன் நிலை வேறு. கைக்குக் கிருமிநாசினித் திரவமோ களிம்போ தடவிய ஈரத்தோடு ரசீதைத் தொடாதே, தோல் வழியாக இறங்குவது பல மடங்கு கூடும். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கழுவு. விரலை எச்சில் தொட்டு ரசீது பிரிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடு. குறுஞ்செய்தியில் ரசீது அனுப்பும் வசதி உங்கள் இயந்திரத்தில் இருந்தால், வேண்டியவர்களுக்கு மட்டும் தாள் கொடுக்கலாமா என்று முதலாளியிடம் கேட்டுப் பார்.

வளவு வீடு எழுதியது:

கானாடுகாத்தான் பக்கம் எங்கள் பூர்வீக வீடு. பள்ளத்தூர் ஆச்சி ‘பூட்டிக் கிடக்கும் சாமான்’ என்று சொன்னது என் மனத்தில் தைத்தது. ஆனால் பழைய சாமான் என்பதாலேயே எல்லாவற்றையும் அடுப்பில் ஏற்றிவிடக் கூடாது. இதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு, எழுதுகிறேன்.

இரும்புத் தோசைக்கல், பணியாரக் கல், இரும்புச் சட்டி, மாக்கல்லில் குடைந்த கல்சட்டி ஆகியவற்றைத் தாராளமாக எடுங்கள். துருப்பிடித்த பணியாரக் கல்லைத் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவி, வடித்த கஞ்சியில் ஊற வைத்து, காய வைத்து, நல்லெண்ணெய் தடவி மெல்லிய தீயில் காட்ட வேண்டும். எண்ணெய் குழிக்குள் இறுகிக் கறுத்து மினுங்கும் வரை திரும்பத் திரும்பத் தடவிச் சூடேற்றுங்கள். அப்புறம் வெள்ளைப் பணியாரம் ஒட்டாமல் புரளும். ஒட்டாத பூச்சு போட்ட கல் தேவையே இல்லை. அந்தப் பூச்சு தயாரிக்க நெடுங்காலம் பயன்பட்ட பிஎஃப்ஓஏ என்ற ஃப்ளூரின் சேர்மத்தை 2019இல், எளிதில் அழியாத நச்சுப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உலக ஒப்பந்தத்தின் தடைப் பட்டியலில் சேர்த்தார்கள். ஒட்டாத கல் இப்போதே வீட்டில் இருந்தால் வெறுங்கல்லாகக் காய விடாதீர்கள். பூச்சு உரிந்தால் விட்டுவிடுங்கள்.

பித்தளைக்கு உள்ளே ஈயம், அதாவது வெள்ளீயம், பூசியிருக்க வேண்டும். பூசாத பித்தளையில் ரசமோ புளிக்குழம்போ வைத்தால் செம்பு இறங்கி வாந்தி வரும். பூசுகிறவர் வரும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். பாத்திரத்தை நெருப்பில் நன்றாகக் காய்ச்சி, நவச்சாரப் பொடி தூவுவார். குபுக்கென்று வெண்புகை எழும். அந்தச் சூட்டிலேயே வெள்ளீயத்தை ஓர் இழுப்பு இழுத்து, பஞ்சால் சுற்றிச் சுற்றித் துடைப்பார். உட்புறம் நொடியில் வெள்ளி போல ஓடிப் பரவும். அவர் கையில் இருப்பது சுத்தமான வெள்ளீயமா என்பதுதான் கேட்க வேண்டியது. விலை குறைவுக்காகக் காரீயம் கலந்தால் அது பிளாஸ்டிக்கைவிடக் கேடு. குழந்தைகளின் மூளையையும் கெடுக்கும், ஹார்மோன்களையும் கெடுக்கும். ஈயச்சொம்பு வாங்கும்போதும் இதே கவனம் வேண்டும்.

பர்மாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் முன்னோர்கள் கொண்டுவந்த எனாமல் தட்டுகளும் அடுக்குகளும் பல வீடுகளில் உண்டு. சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு எனாமலில் அந்தக் காலத்தில் காட்மியம், காரீயம் என்ற நச்சு உலோகங்களைச் சேர்ப்பது வழக்கம். சுவரில் மாட்டி அழகு பாருங்கள். உதிர்ந்த எனாமலில் சோறு போடாதீர்கள்.

பலகார அடுப்பு எழுதியது:

கோட்டையூரில் பலகாரம் செய்து கொடுக்கிறேன். தேன்குழல், மணகோலம், சீப்புச்சீடை, அதிரசம், மாவுருண்டை. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போகிறது. இந்த இழையைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து மனசு சரியில்லை. எண்ணெய் வடிய செய்தித்தாள், பிறகு பாலித்தீன் பை, அதன் மேல் பிளாஸ்டிக் வாளி. இதுதான் எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது. மாற்ற நினைத்தால் பலகாரம் நமுத்துப்போகும், கப்பலோ விமானமோ ஏறும்போது நொறுங்கும். வழி இருந்தால் சொல்லுங்கள். மனதாரச் செய்கிறேன்.

மின்வேதி எழுதியது:

ஆச்சி, செய்தித்தாளை இன்றைக்கே நிறுத்துங்கள். உணவைச் செய்தித்தாளில் வைப்பதும் சுற்றுவதும் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படியே தடை. அச்சு மை எண்ணெயில் ஊறிவிடும். துளையிட்ட எவர்சில்வர் தட்டில் கம்பி வலை போட்டு வடிய விடுங்கள், கீழே விழும் எண்ணெயும் வீணாகாது.

அடுத்தது, ஆறுவது. கைக்குச் சூடு துளியும் தெரியாத வரை எதற்குள்ளும் அடைக்காதீர்கள். சூட்டோடு அடைத்தால் ஆவி கோத்து நமுக்கும். வேதிப்பொருள் இறங்குவதும் அப்போதுதான் அதிகம். இந்த இடத்தில் உங்கள் தொழிலின் நலனும் உடலின் நலனும் ஒன்றுதான்.

உள்ளூர் விற்பனைக்கு உட்பூச்சு இல்லாத தகர டின்னோ எவர்சில்வர் சம்படமோ வைத்து, திருப்பிக் கொடுத்தால் முன்பணம் திரும்பத் தரலாம். தூர ஊருக்குப் பிளாஸ்டிக் உறையை முழுதும் தவிர்க்க முடியாது. உணவுக்கென்றே அனுமதி பெற்ற புது உறையாக, வண்ண அச்சு உட்புறம் படாததாகப் பாருங்கள். எண்ணெய் ஊறாத காகிதம் என்று விற்பதிலும் சில வகைகளில் ஃப்ளூரின் சேர்மம் பூசியிருப்பார்கள். வாங்கும் இடத்தில் அது இல்லை என்று எழுதி வாங்குங்கள்.

வளவு வீடு எழுதியது:

ஓலைக் கொட்டானையும் யோசியுங்கள். கல்யாணத் தாம்பூலத்துக்கு நம் பெண்கள் பின்னுவதுதானே. சாய ஓலை பலகாரத்தைத் தொடாமல், உள்ளே சாயமிடாத ஓலை வைத்துப் பின்னச் சொல்லலாம்.

அழகப்பாபுரம் மாணவி எழுதியது:

எல்லோரும் அடுப்படியைப் பற்றியே பேசுகிறீர்கள். முகத்துக்கும் தலைக்கும் பூசுவதைப் பற்றியும் சொல்லுங்கள். எங்கள் விடுதியில் ஒவ்வொருத்தியும் ஏழெட்டுப் பொருள் பூசுகிறாள்.

இரவுப்பணி எழுதியது:

நல்ல கேள்வி தங்கை. கலிஃபோர்னியாவில் சலினாஸ் என்ற ஊரில் பதின்பருவப் பெண்கள் நூறு பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2016இல் வெளியானது. தாலேட், கெடாமல் இருக்கச் சேர்க்கும் பாராபென், கிருமி கொல்லச் சேர்க்கும் டிரைக்ளோசன் ஆகியவை இல்லை என்று எழுதியிருந்த பொருள்களை மட்டும் மூன்று நாள் பயன்படுத்தச் சொன்னார்கள். சிறுநீரில் மெத்தில் பாராபென் 44 சதவீதம் குறைந்தது. டிரைக்ளோசன் 36 சதவீதம். வாசனைப் பொருள்களில் வரும் தாலேட்டின் அளவு 27 சதவீதம் குறைந்தது. வேறு இரண்டு பாராபென்களின் அளவு மட்டும் கூடியது, அதனால் சீட்டில் எழுதியிருப்பதை மட்டும் நம்பவும் முடியாது.

நடைமுறையில், எண்ணிக்கையைக் குறைப்பதுதான் எளிய வழி. வாசனைதான் பெரும் வாசல். பொருள் பட்டியலில் ‘வாசனை’ என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் பல பொருள்கள் ஒளிந்திருக்கும். வாசனைப் பவுடர், உடலில் அடிக்கும் தெளிப்பான், துணிக்கு ஊற்றும் வாசனைத் திரவம், அறைக்குத் தெளிப்பது. நான்கில் மூன்றை விட்டாலே பெரிய வித்தியாசம். சிகைக்காய், பயத்தமாவு, நலங்குமாவு நல்லவை. ஆனால் வீட்டில் அரைத்ததாகவோ அறிந்தவர் அரைத்ததாகவோ இருக்கட்டும். மஞ்சளில் நிறத்துக்காகக் காரீயக் குரோமேட் கலப்பது பங்களாதேஷில் பெரிய அளவில் கண்டுபிடிக்கப்பட்டது. இயற்கை என்ற பெயர் மட்டும் நம்மைக் காப்பாற்றாது. மஞ்சளைக் கிழங்காக வாங்கி அரைப்பதே பத்திரம்.

புதுவயல் தாய் எழுதியது:

எனக்குக் குழந்தை பிறந்த பிறகு தைராய்டு குறைவு என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இதெல்லாம் காரணமாக இருக்குமா? பிளாஸ்டிக்கை நிறுத்தினால் மாத்திரையை விட்டுவிடலாமா?

இரவுப்பணி எழுதியது:

கூடாது தாயே. மாத்திரையை ஒருநாளும் நீங்களாக விடக் கூடாது. பேறுக்குப் பிறகு தைராய்டு மாறுவதற்குப் பல காரணங்கள் உண்டு. ஒருவருக்கு வந்த குறைபாட்டுக்கு இந்த டப்பாதான் காரணம் என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, மருத்துவர் சொன்ன நாளில் இரத்தப் பரிசோதனை. இந்த இழையில் பேசுவது வருமுன் காக்கும் விஷயம், வந்த நோய்க்கு மருந்து அல்ல.

தேவகோட்டையான் எழுதியது:

தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஊருணியில் தண்ணீர் எடுத்துக் குடித்த காலம் போய்விட்டது. இருபது லிட்டர் கேன் லாரியில் வெயிலில் வேகிறது, கடை வாசலிலும் வெயிலில் நிற்கிறது. அதுவும் ஆபத்து என்றால் எதைத்தான் குடிப்பது?

மின்வேதி எழுதியது:

சுத்தமான தண்ணீரைக் கைவிடாதீர்கள். கிருமியால் வரும் பேதி இதைவிட வேகமாக ஆளைச் சாய்க்கும். கேனின் அடியைத் திருப்பிப் பாருங்கள். 1 என்றால் பெட் (PET) என்ற பிளாஸ்டிக். அதில் பிபிஏ இல்லை. 7 என்றால் பாலிகார்பனேட்டாக இருக்கலாம். கீறலும் மங்கலுமாக இருப்பதை வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். நிழலில் அடுக்கும் கடையாகப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் மண்பானையிலோ எவர்சில்வர் குடத்திலோ ஊற்றிவிடுங்கள். முற்றத்து மழைநீரைப் பிடிக்கும் அமைப்பு உங்கள் வீட்டில் இன்னும் இருந்தால் அதைச் சுத்தம் செய்து, காய்ச்சிக் குடியுங்கள். அதைவிட நல்ல தண்ணீர் இந்த வறண்ட சீமையில் எங்கே கிடைக்கும்?

வீட்டுத் தூசியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக், மெத்தை, மின்கருவிகளிலிருந்து உதிர்வதெல்லாம் தரைத் தூசியில்தான் தங்கும். தவழும் குழந்தை கையை வாயில் வைக்கும். விளக்குமாறு போட்டுப் பறக்க விடுவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரைக்கு அதுவே அழகும்கூட.

தேவகோட்டையான் எழுதியது:

பொறுமையாகப் பதில் சொன்னதற்கு நன்றி ஐயா. கடைசியாக ஒரு கேள்வி. இதெல்லாம் செய்தால் உண்மையிலேயே உடம்பில் குறைகிறதா, அல்லது மனசுக்குத்தான் ஆறுதலா?

மின்வேதி எழுதியது:

குறைகிறது. 2011இல் சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ஐந்து குடும்பங்களுக்கு மூன்று நாள் டப்பாவில் அடைக்காத, பிளாஸ்டிக் படாத புதுச் சமையலைக் கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரில் பிபிஏ சராசரியாக 66 சதவீதம் இறங்கியது. உணவில் வரும் முக்கியத் தாலேட்டும் பாதிக்கும் கீழே போனது. இவை உடலில் சேர்ந்து தங்குபவை அல்ல. ஓரிரு நாளில் வெளியேறிவிடும். ஆனால் அந்தக் குடும்பங்கள் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் அளவும் திரும்ப ஏறியது. ஒரு வாரம் விரதம் போல இருந்துவிட்டு விட்டால் பயன் இல்லை.

பள்ளத்தூர்க்காரி எழுதியது:

அதனால்தான் வீட்டுக்குள் மட்டும் பேசிப் பயனில்லை என்று நினைக்கிறேன். விசேஷ வீடுகளைப் பாருங்கள். வாழையிலைக்குப் பதில் இலை போல அச்சடித்துப் பிளாஸ்டிக் பூசிய காகிதம். அதன் மேல் ஆவி பறக்கும் சோறும் நெய்யும். காபிக்கு உட்பூச்சுள்ள காகிதக் குவளை. அந்தக் குவளையில் வெந்நீரைக் கால் மணி நேரம் வைத்தால் 100 மில்லிக்கு 25,000 நுண்துகள் வரை உதிர்வதாகக் கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். பிளாஸ்டிக் பூசிய தட்டும் குவளையும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. தடை இருந்தும் ஒவ்வொரு பந்தியிலும் பார்க்கிறேன், வயிறு எரிகிறது.

எங்கள் வீட்டில் தை மாதம் ஒரு சாந்திக் கல்யாணம், அதாவது அறுபதாம் கல்யாணம். சமையல்காரரிடம் மூன்றே நிபந்தனை சொல்லியிருக்கிறேன்: வாழையிலை, எவர்சில்வர் தம்ளர், ஊருக்குக் கொடுத்தனுப்பும் சாப்பாட்டுக்குத் தூக்கு. தம்ளரை வாடகைக்கு எடுக்கிறோம்; கழுவ ஆளுக்குத் தனிக் கூலி. தேவகோட்டை அண்ணன் சொன்னது நியாயம், அந்த வேலை வீட்டுப் பெண்கள் தலையில் விழக் கூடாது.

கல்லாப்பெட்டி எழுதியது:

எங்கள் தெரு உணவகத்தில் தூக்கு கொண்டுபோனால் குழம்பு கொஞ்சம் கூடவே ஊற்றுகிறார்கள் ஆச்சி. பை செலவு அவர்களுக்கும் மிச்சம்தானே. நான்கைந்து பேர் சேர்ந்து கேட்டால் எல்லாக் கடையிலும் செய்வார்கள்.

பலகார அடுப்பு எழுதியது:

கம்பி வலைத் தட்டுக்குச் சொல்லிவிட்டேன். உள்ளூர் ஆர்டர்களுக்கு இனி சம்படம், முன்பணம் வாங்கிக்கொண்டு. பள்ளத்தூர் ஆச்சி, உங்கள் விசேஷப் பலகாரத்தை நானே செய்து தருகிறேன். பித்தளை அண்டாக்கள் இரண்டு எங்கள் வீட்டில் இருக்கின்றன, ஈயம் போய்விட்டது. வளவு வீடு அண்ணன், வெள்ளீயம் மட்டும் பூசுகிறவர் உங்கள் பக்கம் எப்போது வருவார்?

வளவு வீடு எழுதியது:

புரட்டாசி கடைசியில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மழைக்கு முன் வந்துவிட்டால் கோட்டையூருக்கும் அனுப்பி வைக்கிறேன். அண்டாவின் வாய் அகலத்தை மட்டும் அளந்து எழுதுங்கள், அதற்கேற்ப வெள்ளீயம் கொண்டுவர வேண்டும்.